சந்தனம் காயாத வேன்

உக்கடத்தில் பழைய வண்டிச் சாமான் கடைகள் இருக்கிற சந்தில் போய் சிக்கந்தர் பாய் கடை எது என்று கேட்டால், "சாமி படம் குடுக்கற பாயா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு காலத்தில் இருந்ததாம். மழைக்காற்றில் விழுந்த பலகையை எடுத்து கியர் பாக்ஸ் அடுக்குகிற தட்டாக்கிவிட்டார். "தெரிஞ்சவன் நேரா வருவான், தெரியாதவன் கேட்டு வருவான். பலகை எதுக்குங்க?" என்பார்.

ஓடி ஓய்ந்த வேன்களையும், விபத்தில் நசுங்கிய வேன்களையும் ஆர்.சி. புத்தகத்தோடு விலைக்கு வாங்கி, பிரித்து, கதவு தனியாக, கண்ணாடி தனியாக, இன்ஜின் தனியாக விற்பதுதான் அவர் தொழில். ஒரு வண்டி கடைக்கு வந்ததும் உடனே ஸ்பேனர் வைக்க மாட்டார். உள்ளே முன்பக்கம் ஒட்டியிருக்கிற சாமி படத்தை வண்டிக்காரரே எடுத்துக்கொண்டு போக வேண்டும். வேண்டாம் என்று விட்டுப் போய்விட்டால் பாயே மெதுவாகப் பெயர்த்து, பேப்பரில் சுற்றி வைப்பார். பிள்ளையாரும் முருகனும் என்றால் கோயில் பூசாரியிடம் போகும். வேளாங்கண்ணி மாதா என்றால் சர்ச்சுக்குப் போகும். தர்கா படமாக இருந்தால் அவரே வீட்டுக்கு எடுத்துப் போவார். "குடியிருந்தவங்கள மொதல்ல மரியாதையா அனுப்பி வெக்கோணும். அப்புறந்தான் ஊட்ட இடிக்கோணும்" என்பது அவர் சொல்.

அந்த மனிதரை எங்களுக்குக் காட்டியது ஒரு திருட்டு. நடக்கக் கூடாதது நடந்ததால்தான் இப்படி ஒருவரைத் தெரிந்துகொண்டோம் என்று நினைத்தால், கடவுளை என்னவென்று சொல்வது?

நானும் என் வீட்டுக்காரர் ஆறுச்சாமியும் கணபதியில் இருக்கிறோம். இரண்டு பேருமே தோட்டங்காட்டுக் கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்தவர்கள். மில்லு, பட்டறை என்று சுற்றிக் கடைசியில் சமையலில் வந்து நின்றோம். விடியும் முன்னே நான் அடுப்பு மூட்டுவேன். காலைக்கு இட்லி, பொங்கல், சாம்பார், மத்தியானத்துக்குச் சோறு, குழம்பு, ரசம் என்று பாத்திரங்களில் நிரப்பிக் கொடுத்தால் அவர் வேனில் ஏற்றிக்கொண்டு பட்டறைகளுக்கும் பீளமேட்டில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கியிருக்கும் விடுதிக்கும் கொண்டுபோவார். விடுதி எங்களுக்குப் புதிதாகக் கிடைத்த இடம். பிள்ளைகள் வேலைக்குக் கிளம்புமுன் சாப்பாடு வந்துவிட வேண்டும், ஒரு நாள் தவறினாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அதை நடத்துகிற சாய்ப்ரியா முதலிலேயே சொல்லியிருந்தாள். கெட்ட பிள்ளை இல்லை. பசியோடு போகிற பெண்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தானே. எங்கள் அடுப்புக்குக் கால் அந்த வேன்தான். அது நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

வேன் பழையது. எங்களிடம் வரும்போதே இரண்டு கை மாறி வந்தது. பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற கதவு, சட்டி அளவு சின்னச் சக்கரம். அந்த மாதிரி வேனை இப்போது கம்பெனியில் செய்வதில்லை. ஆனால் ரோட்டில் எங்கு பார்த்தாலும் அதுதான் ஓடும்.

ஆயுத பூசை அன்று வேனை எப்போதும் ரிப்பேர் பார்க்கிற திருமூர்த்தியின் பட்டறையில் நிறுத்திப் பூசை போடுவது எங்கள் வழக்கம். அந்த வரிசையில் பட்டறைகள் ஒட்டி ஒட்டி இருக்கும். லேத்து, வெல்டிங், டிங்கரிங் எல்லாம் கழுவித் துடைத்து, மிஷின்களுக்குப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை வைத்துக் கும்பிடுவார்கள். வாடிக்கைக்காரர்கள் வண்டிகளும் அங்கேயே மாலையோடு நிற்கும். பூசையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கு எடுக்க மாட்டார்கள். மறுநாள் மறுபூசை போட்ட பிறகுதான் கையில் எடுப்பது. அந்த வரிசையில் இன்னொரு பழக்கமும் உண்டு. வண்டியைப் பூசைக்கு விட்டால் சாவியையும் வண்டியிலேயே விட்டுவிட வேண்டும். சாவியும் ஆயுதந்தானே, அதைப் பிரிக்கக் கூடாது என்பார்கள். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். ஒரு ஸ்பேனர்கூடக் காணாமல் போனதில்லை.

அன்று காலை பூசை நல்லபடியாக முடிந்தது. எல்லாரும் உள்பக்கம் பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான்தான் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவ வெளியே போன ஆறுச்சாமி, கழுவாத கையோடு திரும்பி வந்தார்.

"ஏம்புள்ள, வேனை யாராச்சும் நகத்தி வெச்சாங்களா?"

யாரும் நகர்த்தவில்லை. வேன் நின்ற இடத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழங்கள்தான் கிடந்தன. சாமந்தி மாலை ரோடு வரைக்கும் உதிர்ந்துகொண்டே போயிருந்தது.

"திருடன் சாங்கியந் தெரிஞ்சவனாட்டம் இருக்குதுங்க. நாலு பழத்தையும் ஒழுங்கா நசுக்கிப்போட்டுத்தான் போயிருக்கான்" என்றான் லேத்துக்காரப் பையன் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை. ஆறுச்சாமிதான் லேசாகச் சிரித்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். திருமூர்த்தி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ர எடத்துல நடந்துபோச்சேங்க, என்ர எடத்துல நடந்துபோச்சே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்த எஸ்.ஐ. வயசுப் பையன், பொறுமையானவர். என்ன வண்டி என்று கேட்டவர், ஆறுச்சாமி சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த வேனுங்களா? அதுதாங்க இப்ப எச்சாத் திருடு போகுது. எடுத்தவன் ஓட்டறதுக்கு எடுக்க மாட்டான். துண்டு துண்டா அறுத்துச் சாமானா வித்துப்போடுவான். சாவி வேற வண்டியிலயே இருந்துச்சுன்னு சொல்றீங்க."

"பூசைங்க சார்" என்றார் ஆறுச்சாமி.

"பூசைதாங்க. நான் ஒண்ணும் சொல்லல." புகாரை எழுதி வாங்கிக்கொண்டார். "நாங்க ஒரு பக்கம் பாக்கறோம். நீங்களும் ஒரு எட்டு உக்கடத்துக்குப் போயி பழைய சாமான் கடைகளப் பாருங்க. உங்க வண்டிச் சாமான் கண்ணுல பட்டா தொடாதீங்க, சண்டை போடாதீங்க. எனக்குப் போன் போடுங்க."

பஸ்ஸில் போகும்போது நான் அவிநாசியப்பரைத்தான் கும்பிட்டுக்கொண்டு போனேன். முதலை விழுங்கின பிள்ளையை வருஷம் கழித்து முழுசாகத் திரும்ப வாங்கிக் கொடுத்த தலம் அது. என் உதடு அசைவதைப் பார்த்து ஆறுச்சாமி, "அது முதலை புள்ள. முழுங்கத்தான் தெரியும். இவனுங்க கட்டர் வெச்சிருக்கானுங்க" என்றார். அந்த நேரத்திலும் அவருக்கு வாய் அடங்காது.

உக்கடத்தில் பாதிக் கடைகள் சாத்தியிருந்தன. திறந்திருந்த முதல் கடையில் விஷயத்தைச் சொன்னதுமே கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "திருட்டுச் சாமானத் தேடி என்ர கடைக்கு வாரீங்களா? என்ர மூஞ்சியப் பாத்தா எப்படித் தெரியுது?" என்று சத்தம் போட்டார். அவர் கோபம் நியாயம்தான். ஒன்றிரண்டு பேர் செய்கிற தப்புக்குச் சந்து முழுவதும் பெயர் கெடுகிறது. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தோம்.

அடுத்ததுதான் சிக்கந்தர் பாய் கடை. அவரிடம் வேலை செய்கிறவர்கள் அன்று காலையிலேயே பூசை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இன்ஜின்கள் மேலெல்லாம் சந்தனப் பொட்டு. வாசலில் ஒரு வேன் சீட்டைப் பெஞ்சாகப் போட்டு, வெள்ளைத் தாடியும் கட்டம் போட்ட கைலியுமாக பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆறுச்சாமி அவரைப் பார்க்கவே இல்லை. சுவரில் சாய்த்திருந்த ஒரு வெள்ளைக் கதவைத்தான் பார்த்தார். அதில் "அவிநாசியப்பர் துணை" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"இது என்ர கதவு!" என்று பாய்ந்துபோய்ப் பிடித்துக்கொண்டார். "புள்ள, அந்த எஸ்.ஐ.க்குப் போன் போடு! இது என்ர கதவு!"

பாய் எழுந்து வந்தார். டீ கிளாசைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மெதுவாங்க, தகரம் கையக் கிழிச்சுப்போடும். உங்க கதவுல கைப்பிடி ஒடைஞ்சிருந்துச்சுங்களா?"

"ஒடையவே இல்ல. இப்பத்தான் புதுசா மாத்தினது."

"அப்ப இதப் பாருங்க."

கைப்பிடி பாதிதான் இருந்தது. மீதிக்குக் கம்பி கட்டியிருந்தது. கம்பி துருப்பிடித்துப் பல காலம் ஆகியிருந்தது. ஆறுச்சாமி கையை எடுத்துவிட்டார்.

"இது சூலூர்க்காரர் ஒருத்தர் வண்டிக் கதவுங்க. புக்கு உள்ள இருக்குது. அவிநாசிக்குப் போயிட்டு வர்ற வண்டிலெல்லாம் இந்த ஸ்டிக்கர் இருக்கும். உங்க கதவா இல்லையேன்னு சந்தோசப்படுங்க. உங்க கதவு இங்க வந்திருந்தா வண்டி போச்சுன்னு அர்த்தம்." என் பக்கம் திரும்பி, "உக்காருங்க அம்மணி. மொகமே சரியில்ல. டீ சொல்றேன்" என்றார்.

திருடன் என்று சொல்லிவிட்டோமே, இவர் டீ தருகிறாரே என்று எனக்கு உட்காரவே கூச்சமாக இருந்தது. ஆறுச்சாமி கையெடுத்துக் கும்பிட்டார். "தெரியாமச் சொல்லிப்போட்டேனுங்க பாய்."

"உங்களுக்கே உங்க கதவு தெரியல பாத்தீங்களா? அதுதாங்க திருடனுக்கு வேணும்" என்றார் பாய்.

ஆறுச்சாமிக்கு மனசு ஆறவில்லை. "ஏனுங்க பாய், ஊருல பளபளன்னு எத்தன காரு நிக்குது. அதையெல்லாம் உட்டுப்போட்டு என்ர ஓட்டை வேனை எதுக்குங்க எடுத்தான்?"

பாய் நிதானமாகச் சொன்னார். "பளபளங்கற காரு எடுக்கறவன் வேற ஆளுங்க. அதோட சாவிக்குள்ளயே கம்ப்யூட்டர் இருக்குது. அதுக்குன்னு ஒரு மிஷின் வெச்சுத் தெறந்து, முழுசா ஓட்டிட்டுப் போயி, நம்பர மாத்தி வேற ஸ்டேட்ல வித்துப்போடுவான். உங்க வேனை எடுக்கறவன் கறிக்கடைக்காரனாட்டம். முழுசா வேண்டாம் அவனுக்கு. கம்பெனி இந்த வண்டி போடறத நிறுத்திப்போட்டான். ஆனா ரோட்டுல எத்தன ஓடுது? அத்தனைக்கும் கதவு வேணும், கியர் பாக்ஸ் வேணும், கண்ணாடி வேணும். புதுசு கெடைக்காது. அப்ப எங்க போவாங்க? பழசுக்குத்தான் வருவாங்க. பூட்டும் அந்தக் காலத்துப் பூட்டு. தேஞ்ச சாவியா இருந்தா ஒரு வண்டிச் சாவி இன்னொரு வண்டியத் தெறக்கும். அதையுந்தாண்டி, இந்த வேன் ரோட்டுல போனா எவன் திரும்பிப் பாக்கறான்? காய்கறி வண்டி, பால் வண்டி, ஸ்கூல் வண்டி எல்லாம் இதுதான். நல்ல வண்டி, ஏழைக்கு ஒத்தாசையான வண்டி, எல்லாரும் வெச்சிருக்கற வண்டி. அதனாலதான் திருடு போகுது."

இதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. பூசை லீவு முடிந்து திங்கட்கிழமை காலை விடுதிக்குச் சாப்பாடு போக வேண்டும், நடுவில் இரண்டே நாள்தான், நாங்கள் பிழைக்கிற வழியே அதுதான் என்று எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். பாய் குறுக்கே பேசாமல் கேட்டார். அப்புறம், "எந்நேரத்துக்குப் போச்சு?" என்றார்.

"மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலங்க."

"இன்னைக்கு ஆயுத பூசை." அவர் தாடியைத் தடவினார். "ஒரு வண்டிய அறுக்கோணும்னா கேஸ்ல இரும்பறுக்கற கட்டர்காரன் வேணும். அந்த வேலைக்கு ஆளே கொஞ்சந்தான். எல்லாப் பயலும் இன்னைக்குக் கட்டரப் பூசையில வெச்சிருப்பான். திருடறவன் சாமிக்குப் பயப்பட மாட்டான். அறுக்கறவன் பயப்படுவான். இருங்க, கேட்டுப் பாக்கலாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாய் ஒவ்வொருவராகப் போன் போட்டார். ஒருவர் ஊரில் இல்லை. ஒருவர் எடுக்கவே இல்லை. அப்புறம் நஞ்சப்பன் என்பவர் எடுத்தார். பாய் போனை எங்களுக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"என்னங்க பாய், கடைப் பசங்களுக்குப் பொரி வாங்கிக் குடுத்தீங்களா?"

"குடுத்தாச்சு. உனக்கும் எடுத்து வெச்சிருக்கேன். ஏன் நஞ்சப்பா, இன்னைக்கு உன்ன எவனாச்சும் வேலைக்குக் கூப்புட்டானா?"

"கூப்புட்டானுங்க, அறிவு கெட்டவன். இப்பத்தான் போயி எடத்தப் பாத்துட்டு வாரேன். உடனே அறுத்துக் குடு, ரண்டு மடங்கு கூலி தாரேங்கறான். பூசையில வெச்ச கட்டரை எடுத்தா என்ர குடும்பம் வெளங்குமா? நாளைக்கு மறுபூசை போட்டுத்தான் வருவேன்னு சொல்லிப்போட்டேன்."

"என்ன வண்டி?"

"வேனு. வெள்ளை. இன்சூரன்ஸ்காரங்க கழிச்சுப்போட்ட வண்டியாமா. பைபாஸ் ஓரத்துல ஒரு தகரக் கொட்டாய்க்குள்ள நிக்குது." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா ஒண்ணுங்க பாய். அதுக்குச் சந்தனம் குங்குமமெல்லாம் வெச்சிருக்குது. தொட்டுப் பாத்தேன், இன்னும் ஈரங்கூடக் காயல."

பாய் ஆறுச்சாமியைப் பார்த்தார்.

"ஏண்டா நஞ்சப்பா, நாளைக்கு அறுக்கப்போற வண்டிக்கு இன்னைக்கு எவனாச்சும் பூசை போடுவானா?"

அந்தப் பக்கமிருந்து, "அய்யோ, ஆமாங்க பாய்!" என்று கேட்டது. "நான் அத யோசிக்கவே இல்லீங்களே! திருட்டு வண்டியா? என்ரகிட்ட இன்சூரன்சுன்னுதான் சொன்னானுங்க. என்ர பொண்ணு மேல சத்தியங்க!"

"நீ சத்தியம் பண்ணாத. உன்ர பேரு வராது. கொட்டாய் எங்கன்னு மட்டும் சொல்லு."

நஞ்சப்பன் சொன்னார். பாய் போனை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு ஓடிப்போய் ஸ்டேஷனில் நிற்க வேண்டும் போல் இருந்தது. அவர் ஏன் எழுந்திருக்கவில்லை என்று தெரியவில்லை.

"பாய், போலீசுக்குச் சொல்லலாங்களா?" என்று ஆறுச்சாமி மெதுவாகக் கேட்டார்.

"சொல்லோணும். எப்படித் தெரியும்னு கேப்பாங்க. நஞ்சப்பன் பேரச் சொல்ல முடியாது, புள்ளகுட்டிக்காரன். அப்ப என்ர பேருதான் வரும்." சந்துப் பக்கம் கையைக் காட்டினார். "இந்தத் தொழில்ல போலீசுக்குச் சொன்னவன் கடைக்கு எவனும் வண்டி குடுக்க மாட்டான். நல்ல வண்டி வெச்சிருக்கறவங்கூடக் குடுக்க மாட்டான். எதுக்கு வம்புன்னு போயிருவான்."

அவர் கோட்டைமேட்டில் பிறந்தவர். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். பள்ளிக்கூட வயசிலேயே இந்தக் கடையில் நட்டு கழற்ற வந்து, முதலாளிக்கு வயசான பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி அதே கடையை வாங்கியவர். அன்றைக்கு எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. எங்களுக்காக அவர் எதைப் பணயம் வைக்கிறார் என்று தெரியாமலே கைகட்டிக்கொண்டு நின்றோம்.

அப்போது அவர் மனைவி இஸ்மத் பின்பக்கத்து வீட்டிலிருந்து எங்களுக்கு டீ கொண்டுவந்தார்கள். எல்லாம் அவர்கள் காதில் விழுந்திருந்தது. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க. சொல்லாமப் படுத்தீங்கன்னா நீங்களும் தூங்க மாட்டீங்க, என்னையுந் தூங்க உடமாட்டீங்க."

பாய் சிரித்துவிட்டார். "கேட்டீங்களா அம்மணி? ஆர்டர் போட்டாச்சு." எழுந்து சட்டையை மாட்டினார். ஆறுச்சாமியின் போனை வாங்கி அந்த எஸ்.ஐ.யிடம் தன் பெயரையும் கடையையும் சொல்லி, இடத்தையும் சொன்னார்.

போலீஸ் ஜீப்புக்குப் பின்னால் ஒரு ஆட்டோவில் நாங்கள் மூன்று பேரும் போனோம். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கொட்டகைக் கதவைத் திறந்தபோது எங்கள் வேன் மூக்கை வெளிப்பக்கம் வைத்துக்கொண்டு நின்றது. நெற்றியில் நான் வைத்த பொட்டு அப்படியே இருந்தது. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. காவலுக்கு இருந்த இரண்டு பேரைப் பிடித்தார்கள். அவர்களும் வயிற்றுக்கில்லாத வீட்டுப் பையன்கள் போலத்தான் இருந்தார்கள். அவர்களுக்காகவும் அன்றைக்கு வேண்டிக்கொண்டேன். ஆறுச்சாமி ஓடிப்போய் வேனைத் தொடப் போனார்.

"தொடாதீங்கண்ணா, ரேகை எடுக்கோணும்" என்றார் எஸ்.ஐ.

"என்ர வண்டிங்க சார்!"

"உங்க வண்டிதாங்க. ஆனா இப்ப இது கேஸ் சொத்து. கோர்ட்ல மனுப் போட்டுத்தான் எடுக்கோணும். கோர்ட்டு திங்கட்கிழமைதான். மனுப் போட்டாலும் உடனே கெடைக்காது."

வேன் கிடைத்துவிட்டது, ஆனால் கையில் இல்லை. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். சாமியைக் குறை சொல்லக் கூடாது. அவர் முழுசாகக் காட்டிவிட்டார். திங்கட்கிழமைக்கு என்ன செய்வது என்பதுதான் பாக்கி. இரண்டு நாளும் ஆறுச்சாமி தெரிந்தவர்களையெல்லாம் வாடகை வண்டிக்குக் கேட்டார். விடியற்காலை நேரத்துக்கு ஒருவரும் வரத் தயாராக இல்லை. ஆட்டோவில் அத்தனை பாத்திரமும் கொள்ளாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் தெருவில் ஒரு வேன் வந்து நின்றது. அதே மாதிரி வேன். ஆனால் ஒரு கதவு நீலம், ஒரு கதவு வெள்ளை, பின்கதவு சிவப்பு, மூக்கு சாம்பல். தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். இறங்கியவர் சிக்கந்தர் பாய். கூடவே இஸ்மத்.

"என்னங்க பாய் இது, தேர் மாதிரி?" என்றார் ஆறுச்சாமி.

"சாமான் கடைக்காரன் ஊட்டு வண்டி இப்படித்தான் இருக்கும். ஊருல ஓடுன வேன்ல பாதி இதுக்குள்ள இருக்குது. எல்லாத்துக்கும் பில்லும் இருக்குது." சாவியை நீட்டினார். "கோர்ட்டு குடுக்கற வரைக்கும் இத ஓட்டுங்க. ஆனா கியர் கொஞ்சம் முரண்டு பண்ணும். அதனால நாளைக்கு நானே வாரேன்."

நாங்கள் கேட்கவே இல்லை. கேட்கிற உரிமையும் எங்களுக்கு இல்லை. அவர் கதவைப் பிடித்து இது என் கதவு என்று கத்தியவர்கள் நாங்கள். நான் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். இஸ்மத் என் கையைப் பிடித்து, "அழுதீங்கன்னா நாங்க கெளம்பீருவோம். உள்ள கூட்டிட்டுப் போயி அடுப்பக் காட்டுங்க, எத்தனை பேருக்குச் சமைக்கறீங்கன்னு பாக்கோணும்" என்றார்கள்.

திங்கட்கிழமை விடிவதற்குள் பாய் சுபுஹுத் தொழுதுவிட்டு வந்துவிட்டார். நானும் விளக்கேற்றி முடித்திருந்தேன். இட்லிப் பாத்திரத்தை அவரே தூக்கி ஏற்றினார். வேண்டாங்க என்றால் கேட்கவில்லை. "எங்கப்பா மூட்டை தூக்குன ஆளுங்க. இது என்ன கனம்" என்றார். அவர் ஓட்ட, ஆறுச்சாமி பக்கத்தில் உட்கார, நான் பின்னால் சாம்பார் சிந்தாமல் பிடித்துக்கொண்டு போனேன். பீளமேட்டு விடுதி வாசலில் வாட்ச்மேன் அந்த வண்டியைப் பார்த்துவிட்டு உள்ளே விடமாட்டேன் என்றார். அதற்குள் சாய்ப்ரியா வெளியே வந்தாள்.

"என்னக்கா, வண்டி கலர் கலரா மாறிருச்சு?"

"அது பெரிய கதைம்மா. மொதல்ல பிள்ளைகளச் சாப்பிடச் சொல்லு, சூடு ஆறிரும்."

ஒரு பெண்கூட அன்று பசியோடு வேலைக்குப் போகவில்லை. விடுதி எங்களை விட்டுப் போகவில்லை. எங்கள் வேன் கோர்ட்டிலிருந்து வர மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதுவரைக்கும் அந்தக் கலர் வண்டிதான் எங்களுக்குச் சோறு போட்டது. கோர்ட்டுக்கு அலைந்த நாட்களில் ஆறுச்சாமிக்குப் பதிலாகப் பாயே ஓட்டினார்.

அவர் சொன்ன மாதிரியே அவருக்கு நடந்தது. சந்தில் பலர் பேச்சை நிறுத்தினார்கள். "போலீஸ் பாய்" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பல மாதங்கள் கடைக்கு வண்டி வரவில்லை. இதை ஒரு நாளும் அவர் எங்களிடம் சொன்னதில்லை. இஸ்மத் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் தெரிந்தது. இப்போது மெல்ல மெல்ல வண்டி வருகிறது. ஆர்.சி. புத்தகத்தோடு விற்கிறவர்கள் அவரைத் தேடி வருகிறார்கள். நஞ்சப்பனும் அவர் கடையிலேயே நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டார்.

நாங்கள் என்ன கைம்மாறு செய்ய முடியும்? வண்டி வாடகை என்று பேச்செடுத்தபோது கோபித்துக்கொண்டார். அதனால் நான் ஒரு வேலை செய்தேன். யாரிடமும் கேட்காமல் மத்தியானச் சாப்பாட்டில் ஒரு கேரியர் தனியாகக் கட்டி ஆறுச்சாமியிடம் கொடுத்து அவர் கடைக்கு அனுப்பினேன். முதல் நாள் "எதுக்குங்க இதெல்லாம்" என்று திருப்பி அனுப்பப் பார்த்தாராம். "அப்ப நீங்களே வந்து என்ர ஊட்டுக்காரிகிட்ட சொல்லிக்குங்க, எனக்குப் பயமா இருக்குது" என்று இவர் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து கேரியர் போகிறது. ரம்ஜான் மாதம் மட்டும் நேரம் மாறும்.

இன்றைக்கும் போனது. மத்தியானம் பாயிடமிருந்து போன்.

"அம்மணி, நல்லா இருக்கீங்களா?"

"ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கறோம். சாப்பாடு எப்படிங்க பாய்?"

"ரசத்துல புளி கொஞ்சம் தூக்கலுங்க. நஞ்சப்பன் மொகத்தச் சுளிக்கறான்."

"அப்படிங்களா? நாளைக்குக் கொறச்சுப்போடறேன்."

"கொறைக்க வேண்டாங்க. இஸ்மத்துக்கு அதுதான் புடிச்சிருக்குதாமா. ரெண்டு டம்ளர் குடிச்சுப்போட்டா. நாளைக்கு ரசம் மட்டும் கொஞ்சம் எச்சா வையுங்க."

எச்சாகவே வைக்கிறேன்.